பெட்டியைத் தொட்ட பிள்ளை

கணக்கைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்று பணியகம் தீர்மானித்த நாளோடு, பரிமளம் டீச்சரின் வகுப்பில் பிள்ளைகள் எதையும் தொடுவது நின்றுபோனது.

அதற்கு முன்னால் அது குப்பை வகுப்பாக இருந்தது. நானாகச் சொல்லவில்லை, பணியகத்தின் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. கெலிஓயாவிலிருந்து மேடேறும் பாதையில் உள்ள சின்னப் பாடசாலை அது. இரண்டாம் தரத்தில் இருபத்திமூன்று பிள்ளைகள். ஆளுக்கொரு பிஸ்கட் டின், டின்னுக்குள் ஐஸ் பழக் குச்சிகளும் சோடா மூடிகளும். பத்துக் குச்சியைச் சேர்த்து இறப்பர் வளையம் போட்டால் ஒரு கத்தை. முப்பத்திரண்டிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னால் பிள்ளைகள் ஒரு கத்தையின் வளையத்தைக் கழற்றுவார்கள், குச்சிகள் மேசையில் சிதறும், இரண்டு நிலத்தில் விழும், அதைத் தேடுகிறேன் என்று ஸாகி மேசைக்குக் கீழே போய்ப் பத்து நிமிடம் வரமாட்டான். ஆனாலும் விடை இருபத்தைந்து என்று வந்துவிடும். பத்தொன்பது வருடமாகப் பரிமளம் டீச்சர் இப்படித்தான் கற்பித்து வந்தார். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

பெயர் வைத்தது செயல்முறைக் கணிதப் பணியகம். கண்டி நகரில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அது இயங்குகிறது. பதினான்கு உத்தியோகத்தர்கள். அவர்களில் ஒருவர்கூட இரண்டாம் தரத்துக்குக் கற்பித்ததில்லை. கற்பிக்கிறவர்களுக்கு மூன்று மாடி ஏற எங்கே நேரம்?

பணியகத்திடம் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று 'கைவழிக் கணிதம்' என்ற வேலைத்திட்டம். மற்றது ஒரு பட்டியல். நூறு வரை எண்ணத் தெரியாத பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏறும். பெயர் ஏறிய பிள்ளை தினமும் காலை ஒன்பது மணிக்கு வகுப்பை விட்டெழுந்து, பாடசாலையின் பழைய களஞ்சிய அறைக்குப் போய், ஒன்றிலிருந்து நூறு வரை கொப்பியில் இருபது தடவை எழுத வேண்டும். மூன்றாம் தரத்துக்குப் போனாலும் பட்டியல் கூடவே போகும், நான்காம் தரத்துக்கும் போகும். அந்த அறைக்குப் போன எந்தப் பிள்ளையும் இதுவரை திரும்பி வந்ததில்லை. போன பிள்ளைகளுக்கு ஊரில் என்ன பெயர் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நதாவின் பெயர் அதில் ஏறும் என்று எல்லோரும் நம்பினார்கள். நதாவின் வாப்பா ஸமீம், காலையில் பாண், பணிஸ் விற்கும் த்ரீவீலரைப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர். அந்தப் பாட்டுக்கு ஊரே ஓடிவரும். மகளோ வெளியார் ஒருவர் எதிரே நின்றால் வாயே திறக்கமாட்டாள். முதலாம் தரத்தில் ஒரு வருடம் முழுக்க அவள் ஒரு சொல் பேசவில்லை. "எண்ணத் தெரியாது" என்று அங்கே எழுதி அனுப்பிவிட்டார்கள். பரிமளம் டீச்சருக்கு உண்மை தெரியும். நதாவின் கைக்குத் தெரிந்தது அவள் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். குச்சிகளை அவளிடம் கொடுத்தால் கத்தை கத்தையாகக் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல டீச்சரைப் பார்ப்பாள். ஒரு தடவையும் பிழைத்ததில்லை.

அவளுடைய உம்மா அனீஸா ஒரு நாள் பாடசாலை வாசலில் வந்து நின்று அழுதார்.

"டீச்சர், எங்கட புள்ளேட பேரு அந்த லிஸ்ட்ல போகுமாம் எண்டு சொல்றாங்க. அந்த ரூமுக்கு அனுப்பினா அவ முழுசா ஊமையாகிப் போயிருவா டீச்சர்."

"போகாது அனீஸா. நான் இருக்கேன்ல. நதா பேரு அதுல வராது, நான் பொறுப்பு" என்றார் பரிமளம் டீச்சர்.

சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பெட்டி வந்தது.

நீலப் பெட்டி. மூடியில் பணியகத்தின் இலச்சினை, இலச்சினையை விடப் பெரிதாகப் பணிப்பாளரின் படம். உள்ளே நூறு சதுரமுகிகள். பிள்ளைகள் பார்த்தால் சாயம் பூசிய மரக்கட்டை என்பார்கள், ஆகவே பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. அதிபர் முஹைதீன் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். நூறு கிடைத்தது என்று அவர் கையெழுத்து வைத்தார், பிறகு பொறுப்பைப் பரிமளம் டீச்சருக்கு மாற்றி அதிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெட்டி அலுமாரிக்குள் போனது. அலுமாரிச் சாவி அதிபரின் சட்டைப் பைக்குள் போனது.

"சேர், இது புள்ளைங்க தொட்டுப் படிக்கத்தானே வந்திருக்கு?"

"ஓ டீச்சர், அதுக்குத்தான் வந்திரிக்கி. ஆனா அந்தத் தாள வாசிச்சுப் பாருங்களே."

டீச்சர் வாசித்தார். முதலாம் விதி, மாணவர் சதுரமுகிகளைத் தொட்டு உணர்ந்து கற்க வேண்டும். இரண்டாம் விதி, சதுரமுகிகளில் அழுக்கு, கீறல், விரல் அடையாளம் எதுவும் இருத்தலாகாது. வருட இறுதியில் பெட்டியின் நிலைக்கு நூறு புள்ளிகள். கூடுதல் புள்ளி பெறும் பாடசாலைக்குப் 'பொற்கரம்' என்ற விருது. சென்ற வருடம் பேராதனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்று பெட்டியை இரண்டு தடவை பாவித்து முப்பது புள்ளிகளை இழந்தது. பொலித்தீன் உறையைக்கூடக் கிழிக்காத பாடசாலை முதலாம் இடம் பெற்றது.

அடுத்த வாரம் பணியகத்தின் ஆலோசகர் பஸ்தியாம்பிள்ளை வகுப்பைப் பார்வையிட வந்தார். முப்பது வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். யார் எதைச் சொன்னாலும் ஓம் என்பார், பிறகு படிவத்தில் உள்ளதைச் செய்வார்.

"ரீச்சர், உதென்ன ரின்னுகள்?"

"ஐஸ் பழக் குச்சி சேர். எண்ணுறதுக்கு."

"உது அங்கீகரிக்கப்பட்ட எண்ணும் பொருளோ?"

"எண்ணலாம் சேர். நல்லா எண்ண வருது."

"ஓம், எண்ண வரும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் பொருள் பட்டியலில இல்லை." பஸ்தியாம்பிள்ளை தாளைப் புரட்டினார். "பட்டியலில இருக்கிறது சதுரமுகி மட்டும்தான்."

"அது அலுமாரியில பூட்டி இருக்கே சேர்."

"ஓம். அதுவும் சரிதான். அது பழுதாகப்படாது."

இருபத்திமூன்று பிஸ்கட் டின்களும் ஒரு சாக்கில் கட்டப்பட்டு, அங்கீகரிக்கப்படாத பொருள் என்று சீட்டு ஒட்டி எடுத்துச் செல்லப்பட்டன. போகும்போது பஸ்தியாம்பிள்ளை திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். விரலும் பட்டியலில் இல்லை.

"பிள்ளையள், கையைக் கட்டுங்கோ பாப்பம்" என்றார் அன்பாக.

அன்றிலிருந்து கைவழிக் கணிதம் கைகட்டி நடந்தது. ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் நான்கு படங்களை மதியத்துக்கு முன் பணியகத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றொரு கட்டளை வேறு. செயற்பாடு இல்லாமல் படம் எப்படி எடுப்பது என்று டீச்சர் கேட்டபோது, அதிபர் தன் மேசை மீதிருந்த பிளாஸ்டிக் பழக்கூடையைக் கொடுத்தார். நான்கு பிள்ளைகள் பிளாஸ்டிக் தோடம்பழத்தைப் பார்த்துச் சிரித்த படத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கட்டை விரல் எந்தப் பட்டியலில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு திறப்பு விழா வந்தது. பெட்டி வந்து ஐந்து வாரமாகியிருந்தது. ஆனால் பணிப்பாளர் திறக்காமல் அது திறந்ததாகாது.

பாண்ட் வாத்தியம், குர்ஆன் கிராஅத், பாடசாலைக் கீதம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடியப் பத்தரை மணி. பணிப்பாளர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் பணியகத்தில் எவரும் அதை உச்சரித்ததில்லை. இரண்டாம் தரப் பிள்ளைகள் முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்க, அவர் ரிப்பன் வெட்டிப் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புச் சதுரமுகியை எடுத்து உயர்த்திப் பிடித்தார், படம் எடுத்தார்கள்.

"பெற்றோர்களே, இதைப் பாருங்கள். இந்தத் திட்டத்துக்காக நாங்கள் பதினொரு கூட்டம் நடத்தினோம். பெட்டியின் நிறத்துக்கு மூன்று கூட்டம். இலச்சினைக்கு ஐந்து கூட்டம். மூடியில் எனது எந்தப் படத்தைப் போடுவது என்பதற்கு மூன்று கூட்டம். பிள்ளைகளைப் பற்றிய கூட்டத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறோம், அவசரப்பட்டு எதையும் செய்யக் கூடாது."

கைதட்டினார்கள்.

"நான் சின்ன வயதில் கணக்கில் பூச்சியம் வாங்கியவன். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. இன்று கணிதத்துக்கே பணிப்பாளராக இருக்கிறேன். ஆகவே பெற்றோர்கள் மனம் தளரக் கூடாது. பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டாலும் பதவி வரும்!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மகிழ்ச்சியில் பணிப்பாளருக்கு வியர்த்தது. கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்து, கைலேஞ்சியையும் அதே கையிலிருந்த சிவப்புச் சதுரமுகியையும் சேர்த்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். முன் வரிசையில் கைகட்டியிருந்த இருபத்திமூன்று பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். பரிமளம் டீச்சரும் பார்த்தார். பணிப்பாளரின் பையைக் காட்டி "சேர், கட்டையை வைங்க" என்று சொல்லப் பத்தொன்பது வருடச் சேவை போதாது. இறங்கும்போது வைத்துவிடுவார் என்று நினைத்தார்.

அந்த நேரத்தில்தான் நதா எழுந்தாள். திறந்த பெட்டி அவளுக்கு நேரே இருந்தது. இரண்டடி நடந்து, பச்சைக் கட்டை ஒன்றை விரலால் தொட்டாள். எடுக்கவில்லை. தொட்டாள்.

"ஏய்!" என்று மூன்று உத்தியோகத்தர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் கட்டையைத் துடைத்தார், ஒருவர் பெட்டியை மூடினார். பஸ்தியாம்பிள்ளை கொப்பியை எடுத்து, பெட்டியைத் தொட்டவர் என்ற தலைப்பில் நதாவின் பெயரை எழுதினார். தலைப்பு ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தது.

"பரவாயில்லை, பரவாயில்லை. பிள்ளை ஆர்வமாக இருக்கிறது" என்றார் பணிப்பாளர் பெருந்தன்மையுடன். "மகள், இப்படி வந்து மைக்கில் நூறு வரை எண்ணுங்கள் பார்க்கலாம்."

நதா மைக்கைப் பார்த்தாள். மைக்குக்குப் பின்னால் கோட்டைப் பார்த்தாள். வாய் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் மண்டபமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அனீஸா பின்வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். விழா முடியுமுன் நதாவின் பெயர் பட்டியலில் ஏறியது.

டீச்சர் பஸ்தியாம்பிள்ளையின் பின்னாலேயே கார் வரை ஓடினார்.

"சேர், அந்தப் புள்ளைக்கு எண்ணத் தெரியும். கையில ஏதாவது குடுத்துப் பாருங்க."

"ஓம் ரீச்சர், எனக்கு விளங்குது. ஆனால் படிவத்தில 'வாயால் எண்ணுவார்' எண்டு மட்டும்தான் நிரல் இருக்கு. 'கையால் எண்ணுவார்' எண்டு ஒரு நிரல் இல்லை. நான் என்ன செய்யிறது?"

"கைவழிக் கணிதம்னுதானே சேர் பேரு வச்சிருக்கீங்க?"

"ஓம். அது பேர்." அவர் கார்க் கதவைச் சாத்தினார். "மாசக் கடைசியில பட்டியல் முடிவாகும். அதுக்குள்ள பாப்பம்."

மாசக் கடைசிக்கு முன்னால் வேறொன்று வந்தது. பெட்டியின் நிலையைப் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர், அலுமாரி முன்னால் நின்றபடியே எண்ணிப் பார்த்துவிட்டு, கூடக்குறைய ஏதோ இருக்கிறது, சரியாக நூறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நான்கு நாளில் கடிதம். பெட்டிப் பொறுப்பாளர் பரிமளம், பெட்டியுடனும், பெட்டியைத் தொட்டவரான மாணவி நதாவுடனும் விசாரணைக்குச் சமுகமளிக்க வேண்டும். பெட்டி பிரயாணத்தின்போது ஆசனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட வேண்டும், மடியில் வைக்கலாகாது.

ஆகவே வியாழக்கிழமை காலை கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில் பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. நதா பேராதனை வரைக்கும் நின்றுகொண்டு வந்தாள். அனீஸா வழிநெடுக மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என்ட புள்ள கள்ளியா?"

"அப்படிச் சொல்லாதீங்க. யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்களே."

டீச்சர் ஜன்னலோரப் பெட்டியை நேராக்கி வைத்தார். குட்செட் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவர் எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, பயந்துதான் போயிருந்தார்.

மூன்றாம் மாடி. விசாரணை அறையாகப் பணிப்பாளரின் அறையையே ஒழுங்கு செய்திருந்தார்கள். மேலே மின்விசிறி சுழன்றது. பணிப்பாளரின் மேசையில் கோப்புகள், கோப்புகளுக்கு மேலே ஒரு கற்றைத் தாள், தாள்கள் பறக்காமல் இருக்க அதற்கு மேலே ஒரு சிவப்புக் கட்டை. கட்டையின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சாயத்தால் இலக்கம் எழுதியிருந்தது. பணியகத்தின் கதிரை, மேசை, அலுமாரி, குப்பைக் கூடை எல்லாவற்றிலும் அதே வெள்ளைச் சாயத்தில் இலக்கம் இருந்தது.

பரிமளம் டீச்சர் கட்டையைப் பார்த்தார். பணிப்பாளர் டீச்சரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒளிப்பதாக இருந்தால்தானே சலனம் வரும். அது அங்கே இருப்பதில் பிழை ஏதும் உண்டென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விசாரணை ஆரம்பமானது. முதலில் எண்ண வேண்டும் அல்லவா? கணித உத்தியோகத்தர்கள் மூவர் தனித்தனியாக எண்ணினார்கள். முதலாமவருக்கு நடுவில் தொலைபேசி வந்தது, தொண்ணூற்றேழு. இரண்டாமவர் தேநீர் குடித்துக்கொண்டே எண்ணினார், நூற்றிரண்டு. மூன்றாமவர் முதுமாணிப் பட்டதாரி. அவர் நிறவாரியாகப் பிரித்துத் தாளில் வரைபடம் போட்டார், தொண்ணூற்றெட்டு. ஒருவர் பிழை என்று மற்றவர் சொல்லத் துணியவில்லை. பதவி உயர்வுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சராசரி எடுங்கள்" என்றார் பணிப்பாளர்.

கணிப்பொறியில் தட்டினார்கள். தொண்ணூற்றொன்பது. எல்லோரும் திருப்தியாகத் தலையசைத்தார்கள். நமது நாட்டில் சில நேரங்களில் உண்மை இப்படியும் கிடைக்கிறது.

"ஆனால் சேர், சராசரியை விசாரணை அறிக்கையில போடேலாது. கணக்காய்வுக்காரர் சிரிப்பினம்" என்றார் பஸ்தியாம்பிள்ளை, தாளைப் பார்த்தபடி. "விதிப்படி பொருளைப் பாவிக்கிறவர்தான் எண்ண வேணும். பாவனையாளர், இரண்டாம் தர மாணவர் எண்டு இருக்கு."

"எந்த மாணவர்?"

"வந்திருக்கிறது இவ ஒராள்தான்."

நதாவை நிலத்தில் விரித்த கடதாசிக்கு முன் உட்கார வைத்தார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். முதல் தடவையாக அந்தக் கட்டைகள் ஒரு பிள்ளையின் முன்னால் கொட்டப்பட்டன.

நதா யாரையும் பார்க்கவில்லை. வாப்பாவின் பாண் தட்டில் பணிஸ் அடுக்குவதுபோல ஐந்து, அதற்குக் கீழே ஐந்து, ஒரு பத்து. பிறகு இன்னொரு பத்து. விரல் கட்டையில் பட்டு, தள்ளி, நேராக்கி, அடுத்ததற்குப் போனது. உதடு அசையவில்லை. ஒன்பது பத்துகள் முடிந்து, பத்தாவதில் ஐந்தும் நான்கும் வைத்தாள். கடதாசியில் ஒரு கட்டைக்கு இடம் வெறுமையாக இருந்தது.

அந்த இடத்தைப் பார்த்தாள். எழுந்தாள். நேரே பணிப்பாளரின் மேசைக்குப் போனாள். சிவப்புக் கட்டையை எடுத்தாள். தாள்கள் மின்விசிறிக் காற்றில் அறை முழுக்கப் பறந்தன, உத்தியோகத்தர்கள் அவற்றின் பின்னால் ஓடினார்கள். நதா திரும்பி வந்து, வெறுமையாக இருந்த இடத்தில் கட்டையை வைத்து, டீச்சரைப் பார்த்தாள்.

"நூறு" என்றாள்.

வெளியார் முன்னிலையில் அவள் பேசிய முதல் சொல் அது. பரிமளம் டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதார் என்றே எழுதுகிறேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் நிலத்தில் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொருளை மேசையில் வையுங்கள். அது அலுவலகச் சொத்து" என்றார் பணிப்பாளர்.

"சேர், அது பெட்டியில உள்ளது. விழா அன்னிக்கு நீங்கதான் எடுத்தீங்க. போட்டோகூட இருக்கு."

"டீச்சர், நிதானமாகப் பேசுங்கள். பதிவேட்டைக் கொண்டு வாருங்கள்."

தடித்த பதிவேடு வந்தது. பணிப்பாளர் விரலை வைத்துக் காட்டினார். தாள்நிறுத்தி, சிவப்பு, மரம், ஒன்று. வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த இலக்கமும் பதிவேட்டிலிருந்த இலக்கமும் ஒன்றேதான்.

"புத்தகத்தில் உள்ளது மேசையில் இருக்கிறது. மேசையில் உள்ளது புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் ஒழுங்கான நிறுவனம், டீச்சர். ஒரு குண்டூசிகூட இங்கே பதிவில்லாமல் இருக்காது. உங்கள் கட்டை இதுதான் என்றால் இதற்கு எங்கள் இலக்கம் எப்படி வந்தது?"

இதற்கு என்ன சொல்வது? வேலிக்கு ஓணான் சாட்சி சொன்னால் ஓணானோடா வாதாட முடியும்?

பஸ்தியாம்பிள்ளை அவரை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். உண்மையிலேயே உதவி செய்ய விரும்பினார்.

"ரீச்சர், ரெண்டு வழி இருக்கு. பிள்ளை பிழையா எண்ணிப்போட்டுது எண்டால், பெட்டி நிறைவு எண்டு நாங்கள் எழுதிவிடலாம். உங்களுக்குப் பிரச்சினை இல்லை, எங்களுக்கும் இல்லை. பிள்ளையின்ர பேர் மட்டும் பட்டியலில நிக்கும். அது ஏற்கெனவே நிக்குதுதானே."

"சரியா எண்ணினாள்னா?"

"அப்ப பெட்டியில தொண்ணூற்றொன்பதுதான். ஒண்டு துலைஞ்சது. துலைச்சது பொறுப்பாளர், நீங்கள். உங்கட கோப்பில சிவப்புக் குறி விழும். பதவி உயர்வு இனிக் கிடையாது. பத்தொன்பது வருசம் சுத்தமான கோப்பு, ஏன் ரீச்சர் வீணா?"

பரிமளம் டீச்சர் அறையைத் திரும்பிப் பார்த்தார். நதா கடதாசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்குத் திரும்பிப் போன கட்டையின் இடம் மறுபடி வெறுமையாக இருந்தது. அதை ஏன் எடுத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தான் பிழையாக எண்ணிவிட்டோமோ என்று அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு வந்த கோபம், பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் வராத கோபம்.

"நான்தான் தொலைச்சேன். எழுதுங்க சேர்."

அறையே குளிர்ந்தது. குற்றவாளி தானாக வந்து கிடைத்தால் எந்த அலுவலகத்துக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? பணிப்பாளர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு" என்றார் டீச்சர். "நான் தொலைச்சேன்னு எழுதினா, தொண்ணூத்தொன்பதுதான் இருந்திச்சுன்னு யாரு எண்ணிச் சொன்னதுன்னும் எழுதணும். நூத்திரெண்டுன்னு எண்ணின சேர் பேரை எழுதுவீங்களா? நாளைக்கு நான் மேல்முறையீடு போட்டா என்ன செய்வீங்க?"

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். நூற்றிரண்டுக்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை எண்ணினது எண்டு போடலாம்" என்றார் பஸ்தியாம்பிள்ளை மெதுவாக.

"எண்ணத் தெரியாத பட்டியல்ல இருக்கிற புள்ளையா சேர்? அந்தச் சாட்சி செல்லுமா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லாது. பணிப்பாளருக்கு அவசரம், பிற்பகலில் இன்னொரு பெட்டி திறக்க வேண்டியிருந்தது. அவரே சொல்லச் சொல்ல, முதுமாணிப் பட்டதாரி தட்டச்சு செய்தார். மேல் பந்தி, பொறுப்பாளர் பரிமளத்தின் கவனக்குறைவினால் ஒரு சதுரமுகி தொலைந்தது, தண்டனையாக அவர் கைவழிக் கணிதம் பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பப்படுவார், பயிற்சியில் கேள்வி கேட்க அனுமதி இல்லை. கீழ்ப் பந்தி, மாணவி நதா எண்ணுவதில் முழுத் தேர்ச்சி பெற்றவர், அவரது எண்ணிக்கை ஐயத்துக்கிடமற்றது எனப் பணியகம் உறுதிப்படுத்துகிறது.

"'எமது வேலைத்திட்டத்தின் பயனாக' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் பணிப்பாளர். அதையும் சேர்த்தார்கள்.

மூன்று கையெழுத்து, ஒரு சீல். பஸ்தியாம்பிள்ளை பட்டியலை எடுத்து, அடிமட்டம் வைத்து, நதாவின் பெயரைச் சிவப்பு மையால் நேராக வெட்டினார். பிள்ளையின் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பதும் விதிதான். அனீஸாவின் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தார்.

கீழே இறங்கும் படியில் அனீஸா நின்றுவிட்டார். கடிதத்தை எழுத்துக் கூட்டி முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை வாசித்தார்.

"ஊரான் கோழிய அறுத்து உம்மா பேர்ல கத்தம் ஓதி விருந்து வெக்கிற கூட்டம்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு குரல் தாழ்ந்தது. "டீச்சர், மேல ஒங்கட பேரு ஈக்கி. நீங்க தொலச்ச எண்டு போட்டிரிக்கி. பொய்தானே இது?"

"மேல இருக்கிறது பொய்தான் அனீஸா. கீழ இருக்கிறது உண்மை. சீல் ரெண்டுக்கும் ஒண்ணுதான் குத்தியிருக்காங்க. கிழியாம வச்சுக்குங்க."